லேண்ட்ரோவர் சீரிஸ் முன்பக்கம்: இருப்பதையே புதுப்பிப்பதா, பாராபோலிக்கா, பவர் ஸ்டியரிங்கா, காயிலா?

ஸ்டியரிங் திருப்பினால் தோள் கழன்றுவிடுகிறது. பள்ளத்தில் விழுந்தால் முதுகுத்தண்டு வரை அடிக்கிறது. அறுபதைத் தொட்டால் வண்டி ரோட்டில் அலைபாய்கிறது. பழைய லேண்ட்ரோவர் சீரிஸ் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். கேமரன் மலையில் காய்கறி இறக்கும் வண்டி, இலங்கை மலையகத் தோட்டத்து வண்டி, டார்ஜீலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ மலை ஏறும் வண்டி, ஆசைக்காக ஷெட்டில் வைத்திருக்கும் வண்டி என எதுவானாலும் கேள்வி ஒன்றே: முன்பக்கத்தில் என்ன மாற்றலாம்?

கைக்கு எட்டும் வழிகள் நான்கு. இருப்பதை முழுதாகப் புதுப்பிப்பது, பாராபோலிக் கட்டு (தடித்த சில பிளேட் மட்டும் உள்ள லீஃப் ஸ்பிரிங்) போடுவது, பவர் ஸ்டியரிங் பொருத்துவது, காயில் ஸ்பிரிங் அமைப்புக்கே மாறுவது. நான்கும் வேலை செய்யும். ஆனால் ஒன்றின் நோய்க்கு இன்னொன்றின் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பணம் போச்சே என்று வருந்துபவர்கள்தான் அதிகம்.

## முன்பக்கம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது

1958-இல் வந்த சீரிஸ் 2 முதல் 1985-இல் உற்பத்தி நின்ற சீரிஸ் 3 வரை முன்பக்க அமைப்பு பெரிதாக மாறவில்லை. ஒரே துண்டாக ஓடும் ஆக்சில், அதன் மேல் இரண்டு பட்டைக் கட்டுகள் (லீஃப் ஸ்பிரிங்). ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து இறங்கும் ட்ராப் ஆர்ம் முன்னும் பின்னும் அசைகிறது. ஒரு நீளக் குழாய் அந்த அசைவை முன்னால் உள்ள ரிலேவுக்குக் கொண்டுபோகிறது. ரிலே என்பது முன் கிராஸ் மெம்பருக்குள் (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) செங்குத்தாக நிற்கும் உருளை. அதன் மேல்கை வாங்கும் அசைவை அடிக்கை குறுக்குவாட்டில் டிராக் லிங்குக்குக் கொடுக்கிறது. இரண்டு சக்கரங்களையும் டை ராட் இணைக்கிறது. ஆக மூன்று ராடு, ஆறு பால் ஜாயிண்ட், ஒரு ரிலே, ஒரு பாக்ஸ், இரண்டு ஸ்விவல் (சக்கரம் இடவலம் திரும்பும் கீல்). ஒவ்வொன்றிலும் நூலிழை ஆட்டம் இருந்தாலே போதும், கூட்டிப் பார்த்தால் ஸ்டியரிங் வீலில் நான்கு விரல் அகலத்துக்கு வெறும் ப்ளே வந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த வழியையும் ஐந்து கேள்விகளால் அளக்கலாம்.

சுமை: வண்டி தினமும் பாரம் ஏற்றுகிறதா, மாதத்தில் ஒரு நாள் ஏற்றுகிறதா, ஏற்றுவதே இல்லையா? நான்கு வழிகளுக்கு இடையே முடிவு சொல்லும் கேள்வி இதுதான்.

வழித்தடம்: கல்லும் சேறுமாகப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வதா, தார் ரோட்டில் எழுபதில் போவதா?

உடைந்தால் என்ன: மலைமேல் பழுதானால் அருகில் இருக்கும் பட்டறையில் சரிசெய்ய முடியுமா, பார்சல் வரும்வரை வண்டி நிற்குமா?

மறைந்திருக்கும் வேலை: வாங்கும் பெட்டிக்கு வெளியே இன்னும் எதையெல்லாம் மாற்ற வேண்டி வரும்?

திரும்பும் வழியும் காகிதமும்: பிடிக்காவிட்டால் பழையபடி மாட்ட முடியுமா? பதிவுச் சான்றுக்குச் சிக்கல் வருமா? இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சேஸிஸைத் தொடும் எந்த வேலைக்கும் முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மலேசியாவிலும் இலங்கையிலும் விதிகள் வேறு. கேட்க வேண்டும் என்பது மட்டும் பொது.

## பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

ஒரு மணி நேரம் போதும். ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, கூட ஓர் ஆள்.

முன்பக்கம் முழுவதையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்புங்கள். சக்கரம் காற்றில் இருக்கும்போதே கனத்தால், நோய் உராய்வு. பவர் ஸ்டியரிங் அதை மறைக்கும், தீர்க்காது. உராய்வு எங்கே என்று பிரித்துப் பார்ப்பது சுலபம். ரிலேயின் அடிக்கையிலிருந்து டிராக் லிங்கைக் கழற்றி, சக்கரங்களைக் கையால் திருப்புங்கள். கனத்தால் ஸ்விவல். இல்லையென்றால் நீளக் குழாயையும் கழற்றி ரிலேயின் கையை மட்டும் அசைத்துப் பாருங்கள். இறுக்கமாக ஆனாலும் சீராக அசைய வேண்டும். ஓரிடத்தில் பிடித்து ஓரிடத்தில் விட்டால் ரிலே உள்ளே காய்ந்துவிட்டது. இரண்டும் நன்றாக இருந்தால் மிச்சம் ஸ்டியரிங் பாக்ஸ்தான்.

காற்றில் லேசாகவும் தரையில் மட்டும் கனமாகவும் இருந்தால் கதை வேறு. முதலில் டயர் காற்றைப் பாருங்கள். பிறகு டயர் அகலத்தைப் பாருங்கள். இந்த வண்டிகள் 6.00-16, 7.50-16 போன்ற ஒல்லி டயர்களுக்காகக் கணக்கிடப்பட்டவை. அகல டயரும், வெளியே தள்ளி நிற்கும் ரிம்மும் போட்டுவிட்டு ஸ்டியரிங் கனக்கிறது என்றால், பழி ஸ்டியரிங்கின் மேல் இல்லை. இதெல்லாம் சரியாக இருந்தும் தரையில் கனத்தால்தான் பவர் ஸ்டியரிங் பற்றிய பேச்சு நியாயம்.

அடுத்தது ஆட்டம். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் கூட இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் ஸ்விவல். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் சிறிதாக ஆட்ட, நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு பால் ஜாயிண்டின் மேலும் விரல் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். ரிலேயின் மேல்கை அசைந்து கீழ்க்கை தாமதமாக அசைந்தால் அதன் கிளாம்ப் போல்ட்டோ பல்லோ போயிற்று. ரிலே உருளையே கிராஸ் மெம்பருக்குள் அசைந்தால் சேஸிஸ் துருப்பிடித்திருக்கிறது. அப்போது மேலே சொன்ன நான்கு வழிகளில் எதற்கும் போகும் நிலையில் வண்டி இல்லை. முதல் வேலை வெல்டிங்.

கடைசியாகக் கட்டு. பிளேட்களுக்கு இடையே துரு ஏறி உப்பியிருந்தால் பத்துப் பன்னிரண்டு பிளேட்டும் ஒரே இரும்புத் துண்டாகப் பூட்டிக்கொள்ளும். முன் பம்பர் மேல் ஒருவர் ஏறிக் குதித்தும் வண்டி அசையவில்லை என்றால் அந்தக் கட்டு ஸ்பிரிங்காக வேலை செய்யவில்லை. பலர் "லேண்ட்ரோவர் என்றாலே இப்படித்தான் குதிக்கும்" என்று சகித்துக்கொள்வது இந்தத் துருவைத்தான்.

## வழி 1: இருப்பதையே முழுதாகப் புதுப்பிப்பது

சுருக்கமாகச் சொன்னால், வண்டியை அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோவது. வேண்டிய பொருட்கள்: பால் ஜாயிண்ட் ஆறு (மூன்று வலமரை, மூன்று இடமரை), ஸ்விவல் கிட் இரண்டு, ரிலே ஒன்று அல்லது அதற்கான சீலும் புஷ்ஷும், யு-போல்ட் நான்கு, அதற்குப் புதிய லாக் நட் எட்டு, சாக்கிள் (கட்டின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் அசையும் தட்டு) போல்ட்டும் புஷ்ஷும், இ.பி. 90 ஆயில்.

கட்டைக் கழற்றிப் பிரித்துத் துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவித் திரும்பக் கட்டினாலே பாதி வண்டிகள் மென்மையாகிவிடும். பிரிக்கும்போது சென்டர் போல்ட்டைச் சட்டென்று கழற்றக் கூடாது. இரு பக்கமும் ஜி-கிளாம்ப் போட்டுப் பிடித்து மெல்ல விட வேண்டும். வளைவு போன பிளேட்டைக் கட்டுப் பட்டறையில் வளைத்துப் பதம் ஏற்றித் தருவார்கள். உடைந்த ஒரு பிளேட்டை மட்டும் புதிதாக வெட்டிப் போடவும் முடியும். இந்த வழியின் மிகப் பெரிய பலமே அதுதான். முன்பக்க இரண்டு கட்டும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். ஓட்டுநர் பக்கக் கட்டுக்கு வளைவு அதிகம். இடம் மாற்றி மாட்டினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

ஸ்விவலில் மேலே ரெயில்கோ புஷ், கீழே டேப்பர் ரோலர் பேரிங். அந்த மேல் புஷ் கொஞ்சம் பிடித்து உராய்வதுதான் சக்கர நடுக்கத்தை அடக்குகிறது. அது தேய்ந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பள்ளம் தட்டியதும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறும். நிறையப் பேர் அதற்கு ஸ்டியரிங் டாம்பர் வாங்கி மாட்டுகிறார்கள். உதறல் அடங்கும், தேய்மானம் வளரும். புது புஷ் போட்டு, ஷிம் வைத்து, ஸ்பிரிங் தராசால் ஸ்விவல் ஆர்மை இழுத்து, ஒர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள எடைக்குக் கொண்டுவர வேண்டும். ஆயில் சீல் மாட்டும் முன் அளக்க வேண்டும். மாட்டியபின் அளந்தால் சீலின் பிடிப்பும் சேர்ந்து கணக்கைப் பொய்யாக்கும். குரோம் பந்தில் துருக்குழி விழுந்திருந்தால் புது சீல் சில மாதத்தில் கிழியும். பந்தையும் மாற்றாமல் வேறு வழியில்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு இடத்தில் வரும். முதலாவது ரிலே. பல ஆண்டு துருவில் அது கிராஸ் மெம்பரோடு ஒட்டிப்போயிருக்கும். நெருப்புக் காட்டி, கீழிருந்து ஜாக்கி வைத்துத் தள்ளி எடுப்பது ஒரு நாள் வேலையாகிவிடும். அதை மேசையில் வைத்துப் பிரிப்பது ஆபத்து. உள்ளே அழுத்தி அடைத்த வலுவான ஸ்பிரிங் இருக்கிறது, தெறித்தால் முகத்தைக் கிழிக்கும். குழாய்க்குள் வைத்தோ சாக்குச் சுற்றியோதான் பிரிக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் புது ரிலேவே வாங்கிவிடலாம். மாட்டும் முன் மேல்மூடியின் இரண்டு போல்ட்டைக் கழற்றி, ஒன்றின் வழியாக ஆயில் ஊற்றி இன்னொன்றின் வழியாகக் காற்றை வெளியேற விட்டு நிரப்புங்கள். உலர்ந்த ரிலே சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது சேஸிஸ் புஷ். அதன் வெளி உறை சேஸிஸ் குழாயோடு துருவில் ஒன்றாகியிருக்கும். ரப்பரை எரித்து, உறையை உள்ளிருந்து ஹாக்ஸா பிளேடால் அறுத்துச் சுருட்டித்தான் எடுக்க முடியும். புதியதைப் போட்டபின் சாக்கிள் போல்ட்களை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு சில வாரத்தில் கிழிந்துவிடும். புது கட்டு போட்ட பிறகும் வண்டி கல்லாக ஓடுகிறது என்ற புகாரில் பாதி இங்கே பிறப்பது.

ஸ்டியரிங் பாக்ஸின் பக்கவாட்டு ஸ்க்ரூவை இறுக்கி ப்ளேயைக் குறைக்கலாம். சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும், கால் கால் திருப்பாக. நடுவில் தேய்ந்த பாக்ஸை அளவுக்கு மீறி இறுக்கினால் ஓரங்களில் பிடிக்கும். வளைவில் ஸ்டியரிங் திரும்பி வராமல் நிற்பது அப்போதுதான்.

இது சரியான தேர்வு ஆகும் இடம்: தினமும் பாரம் ஏற்றும் 109 அங்குல வண்டி (முன் பின் ஆக்சில்களுக்கு இடையே 109 அங்குலம் உள்ள நீள வகை), பார்சல் எட்டாத மலை, அசல் நிலையில் வண்டியை வைத்திருக்க விரும்புபவர். காகிதச் சிக்கல் துளியும் இல்லை.

## வழி 2: பாராபோலிக் கட்டு

பத்து மெல்லிய பிளேட்டுக்குப் பதில் இரண்டு அல்லது மூன்று தடித்த பிளேட். நடுவில் தடித்து நுனிக்குப் போகப் போக மெலியும். பிளேட்கள் நடுவிலும் நுனியிலும் மட்டுமே தொடும், இடையில் காற்று. உராய்வு இல்லாததால் சிறு கல்லுக்கும் கட்டு வளைந்து கொடுக்கும். சக்கரம் அதிகம் இறங்கி ஏறும். வண்டியின் சுபாவமே மாறியதுபோல் இருக்கும். நான்கு வழிகளில் கொடுக்கும் பணத்துக்கு உடனே உடம்பில் தெரியும் பலன் இதில்தான்.

ஆனால் அந்தப் பழைய உராய்வு சும்மா இருக்கவில்லை, ஷாக் அப்சார்பரின் பாதி வேலையை அது பார்த்துக்கொண்டிருந்தது. அது போனதும் பழைய ஆயில் ஷாக்குகள் திணறும். மேடு தாண்டியதும் வண்டி மூன்று முறை தலையாட்டும். பாராபோலிக்குக்கு ஏற்ற, நீளமும் பிடிப்பும் கூடுதலான ஷாக் நான்கு வாங்குவதைச் செலவிலிருந்து பிரிக்கவே முடியாது. முன்னால் மட்டும் மாற்றிவிட்டுப் பின்னால் பழைய கட்டை விடுவதும் சரிவராது. முன்பக்கம் மிதக்க, பின்பக்கம் உதைக்கும்.

சக்கரம் கூடுதலாக இறங்குவதால் வேறு சிலவும் நீள வேண்டும். சேஸிஸை ஜாக்கியில் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு மூன்றைப் பாருங்கள். பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா? ப்ராப் ஷாஃப்ட்டின் (ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) ஸ்லைடிங் ஜாயிண்ட் கழன்றுவிடும் அளவுக்கு வெளியே வந்திருக்கிறதா? ஷாஃப்ட் கிராஸ் மெம்பரையோ சைலன்சர் குழாயையோ தொடுகிறதா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் நீள ஹோஸ் போட வேண்டும், அல்லது பட்டை கட்டி இறக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.

புது கட்டு வண்டியைக் கொஞ்சம் உயர்த்தும். உயரத்தின் விலை டிராக் லிங்கில் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 800 மி.மீ. நீள லிங்க் படுக்கையாக இருக்கையில் ஆக்சில் 50 மி.மீ. ஏறினால் லிங்கின் நுனி பக்கவாட்டில் சுமார் 1.6 மி.மீ. நகரும். அதே லிங்க் முன்பே 100 மி.மீ. சரிந்து நின்றால் அதே 50 மி.மீ. ஏற்றத்துக்கு 4.7 மி.மீ. நகரும். மூன்று மடங்கு. ஸ்டியரிங்கை நீங்கள் தொடாமலே சக்கரம் அவ்வளவு திரும்புகிறது. பள்ளம் விழும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கம் இழுப்பது இதனால்தான். பாராபோலிக் கட்டின் இயல்பான சிறு உயர்வு பிரச்சினையில்லை. அதற்குமேல் நீளச் சாக்கிள் போட்டு இன்னும் தூக்குவது பிரச்சினை. சாக்கிள் நீளம் ஆக்சிலையும் சுழற்றுவதால் 3 டிகிரி காஸ்டரும் (ஸ்விவலின் பின்சாய்வு) ப்ராப் ஷாஃப்ட் கோணமும் சேர்ந்து மாறும். முன் ஆக்சிலுக்கும் கட்டுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்துத் தூக்குவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது அந்த இரும்பு நெம்புகோலாகி ஸ்பிரிங்கை முறுக்கும்.

சுமைதான் இந்த வழியின் பலவீனம். முன்னால் இரண்டு பிளேட், பின்னால் மூன்று பிளேட் என்பது லேசான 88 அங்குல வண்டிக்குச் சரி. வின்ச், கனமான டீசல் எஞ்சின் இருந்தால் முன்னாலும் மூன்று. நாள்தோறும் முழுப் பாரம் ஏற்றும் வண்டியில் மலிவான பாராபோலிக் சீக்கிரமே தணிந்துவிடும். பிளேட் உடைந்தால் கட்டுப் பட்டறையில் செய்துதர மாட்டார்கள். சரிவாக மெலியும் பிளேட்டை உருட்டி எடுப்பது தொழிற்சாலை வேலை. அதனால் கழற்றிய பழைய கட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இது சரியான தேர்வு ஆகும் இடம்: ஆட்களை ஏற்றும் வண்டி, கல் பாதையில் ஊரும் வண்டி, வார இறுதி வண்டி. இரண்டு நாள் வேலை, போல்ட் அளவில் பழையபடி மாற்றிவிடலாம். சேஸிஸில் வெட்டு இல்லை.

## வழி 3: பவர் ஸ்டியரிங்

இதில் இரண்டு கிளை.

மின் வகை. டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஸ்டியரிங் காலத்தில் (column, வீலிலிருந்து இறங்கும் தண்டும் அதன் உறையும்) மோட்டார் உள்ள சிறு கார்களின் அமைப்பை எடுத்து, சீரிஸ் வண்டியின் ஸ்டியரிங் காலத்துக்குப் பதில் பொருத்துவது. பிரிட்டனில் வாக்ஸால் கோர்சா காரின் ஸ்டியரிங் காலம் இதற்குப் பெயர்போனது. இந்தியாவில் மாருதி சிறு கார்களின் ஸ்டியரிங் காலம் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைக்கும், இலங்கையில் பஞ்சிகாவத்தையில் தேடலாம். வேகத் தகவல் இல்லாதபோது கோர்சா வகை ஒரு நிலையான அளவு உதவி தரும். கைத்திருகு வைத்த கட்டுப்பாட்டுப் பெட்டி சேர்த்தால் உதவியைக் கூட்டிக் குறைக்கலாம். மோட்டார் நின்றுபோனாலும் இரும்புத் தொடர்பு அறுவதில்லை, கனமாக மட்டும் ஆகும்.

இதன் மறைசெலவு மின்சாரம். நின்ற இடத்தில் திருப்பும்போது மோட்டார் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சீரிஸ் 2ஏ-இன் லூகாஸ் டைனமோ தருவதே 22 ஆம்பியர். சீரிஸ் 3-இன் 16ஏ.சி.ஆர். ஆல்டர்னேட்டர் 34. விளக்கும் வைப்பரும் ஓடும் மழை இரவில் பேட்டரி தேயும். ஆகவே பெரிய ஆல்டர்னேட்டர், தடித்த ஒயர், தனி ஃபியூஸ். முற்கால 2ஏ வண்டியில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) என்றால் முதலில் அதை மாற்ற வேண்டும். பெட்டியைத் தண்ணீர் படாத உயரத்தில் வையுங்கள். இந்த வண்டியின் டேஷ் ஓரங்களில் மழை ஒழுகாத வண்டி அபூர்வம்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்டியரிங் காலத்தின் தண்டை வெட்டி ஒட்டவேண்டி வரும். முனையோடு முனை வைத்து வெல்டு அடித்தால் அது ஒருநாள் வளைவில் முறியும். ஸ்ப்ளைன் அல்லது இரட்டை-டி முனையுள்ள யு.ஜே. (யுனிவர்சல் ஜாயிண்ட்) வேண்டும், கிளாம்ப் போல்ட் குறுக்கே பூட்டும்படி. வெல்டு தவிர்க்க முடியாவிட்டால் உள்ளே உறைக்குழாய் போட்டு, ஸ்டியரிங் வேலை தெரிந்தவரிடம் மட்டும்.

ஹைட்ராலிக் வகை. ரேஞ்ச்ரோவர் கிளாசிக், டிஸ்கவரி அல்லது டிஃபெண்டரின் பவர் பாக்ஸை முன் சேஸிஸ் பக்கவாட்டில் பொருத்தி, டிராக் லிங்கை நேராக அதிலிருந்து எடுப்பது. ரிலேயும் நீளக் குழாயும் போய்விடும். ஆறு பால் ஜாயிண்ட் நான்காகும். ஸ்டியரிங் கூர்மைக்கு இதைவிட நல்ல மாற்றம் கிடையாது. மின் வகை பழைய தொடரின் எல்லா ஆட்டத்தையும் அப்படியே விட்டுவிட்டுக் கையின் சுமையை மட்டும் குறைக்கிறது. இது ஆட்டத்தின் பிறப்பிடத்தையே நீக்குகிறது.

ஆனால் வேலை பெரியது. வலப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு வலப்பக்க வண்டியின் பாக்ஸ்தான் வேண்டும். பாக்ஸ் நிற்கும் இடத்தில் சேஸிஸுக்குள் உறைக்குழாய் வைத்து வெல்டு செய்யாவிட்டால் போல்ட் துளையைச் சுற்றிச் சேஸிஸ் தகடு வெடிக்கும். 2.25 லிட்டர் எஞ்சினுக்கு பம்ப் பிராக்கெட்டும் கூடுதல் புல்லியும் செய்ய வேண்டும். லேண்ட்ரோவரின் பிற்கால டீசல்களான 200டி.டி.ஐ., 300டி.டி.ஐ. எஞ்சின் ஏற்கனவே மாற்றியிருந்தால் பம்ப் அதிலேயே இருக்கும், பாதி வேலை மிச்சம். ஹோஸ், ரிசர்வாயர், சில வண்டிகளில் ரேடியேட்டர் பேனலில் வெட்டு என்று பட்டியல் நீளும். பாக்ஸிலிருந்து போகும் டிராக் லிங்க் டை ராடுக்கு இணையாக இருக்கும்படி ட்ராப் ஆர்மைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மேலே சொன்ன அதே இழுப்பு இங்கும் வரும். சக்கரம் கல்லிடுக்கில் சிக்கி நிற்க, நீங்கள் ஒரு விரலால் திருப்ப முடிகிறது என்றால் அந்த விசை முழுதும் ஸ்விவல் ஆர்ம் போல்ட்களில் இறங்குகிறது என்று பொருள். அவை தளர்கின்றனவா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பாருங்கள். டை ராடும் ஆக்சிலுக்கு முன்னால் திறந்து கிடக்கிறது. கனமான டை ராடு போடுவது நல்லது.

இது சரியான தேர்வு ஆகும் இடம்: காற்றில் லேசாகத் திரும்பி, தரையில் மட்டும் கனக்கும் வண்டி. குறுகிய தோட்டத்து வளைவுகளில் நாளெல்லாம் முன்னும் பின்னும் எடுக்கும் ஓட்டுநர், தோள்வலி உள்ளவர், அகல டயர் தவிர்க்க முடியாதவர். லேசான வண்டிக்கு மின் வகை, உழைக்கும் வண்டிக்கு ஹைட்ராலிக்.

## வழி 4: காயில் ஸ்பிரிங்குக்கு மாறுவது

1970-இல் ரேஞ்ச்ரோவரும் 1983-இல் ஒன்-டென்னும் (பின்னால் டிஃபெண்டர் ஆனது) கொண்டுவந்த அமைப்பு. சேஸிஸோடு சேர்த்து மாற்றினால்தான் இது உருப்படும். பழைய சேஸிஸில் காயில் இருக்கையும் ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டும் வெல்டு அடித்துச் செய்யும் கலவைகள் எங்கே முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சேஸிஸ் மாறினால் கூடவே வருபவை பல. காயில் ஆக்சிலின் சக்கர இடைவெளி 1486 மி.மீ., சீரிஸுக்கு 1308 மி.மீ. ஆகச் சக்கரம் பாடிக்கு வெளியே நிற்கும், வளைவுப் பட்டை வேண்டும். ரேஞ்ச்ரோவர் டிஃப் (ஆக்சில் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல்) விகிதம் 3.54, சீரிஸ் 4.7. பழைய கியர்பாக்ஸோடு மலையேறும் இழுவை போய்விடும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். கடைசியில் எஞ்சின், கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸ் எல்லாம் மாறி, சீரிஸ் பாடி போர்த்திய டிஃபெண்டர் ஒன்று கையில் இருக்கும். ஓட்ட அருமையாக இருக்கும். ஆனால் அந்தச் செலவில் ஒரு நல்ல டிஃபெண்டரே வாங்கியிருக்கலாமே என்ற கேள்விக்கு, நெடுந்தூரத் தார் ரோட்டுப் பயணமும் சீரிஸ் முகத்தின் மேல் தீராத ஆசையும் இரண்டும் உள்ளவர்கள் மட்டுமே பதில் சொல்ல முடியும். இந்தியப் பதிவுள்ள வண்டிக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | புதுப்பித்தல் | பாராபோலிக் | பவர்: மின் | பவர்: ஹைட்ராலிக் | காயில் |
|---|---|---|---|---|---|
| தினசரிப் பாரம் | மிக நன்று | சுமார் | தொடர்பில்லை | தொடர்பில்லை | ஸ்பிரிங்கைப் பொறுத்தது |
| சவாரி மென்மை | நன்று (துரு நீங்கினால்) | மிக நன்று | மாற்றமில்லை | மாற்றமில்லை | மிக நன்று |
| ஸ்டியரிங் கூர்மை | நன்று | மாற்றமில்லை | மாற்றமில்லை | மிக நன்று | மிக நன்று |
| கையின் சுமை | குறையும் | மாற்றமில்லை | மிகக் குறையும் | மிகக் குறையும் | பாக்ஸைப் பொறுத்தது |
| மலைமேல் பழுதுநீக்கம் | எளிது | கடினம் | கடினம் | நடுத்தரம் | நடுத்தரம் |
| மறைசெலவு | ரிலே, சேஸிஸ் புஷ் | ஷாக், ஹோஸ், பின்கட்டு | ஆல்டர்னேட்டர், ஒயரிங் | பம்ப், சேஸிஸ் வெல்டு | கிட்டத்தட்ட முழு வண்டி |
| பழையபடி மாற்ற | தேவையில்லை | எளிது | முடியும் | கடினம் | முடியாது |

## சேர்த்துச் செய்வதென்றால் வரிசை

பெரும்பாலான வண்டிகளுக்கு நான் சொல்வது முதல் வழியும், பாரம் இல்லாவிட்டால் அதோடு இரண்டாவதும். அதை ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தபின் பவர் ஸ்டியரிங் தேவையா என்று முடிவுசெய்யலாம். நல்ல ஸ்விவலும் ஆயில் நிறைந்த ரிலேயும் ஒல்லி டயரும் உள்ள 88 அங்குல வண்டி, நகரும்போது ஒரு கையால் திரும்பும். பலருக்கு அது புதுச் செய்தியாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் ஓட்டிய எந்த சீரிஸும் அந்த நிலையில் இருந்ததில்லை.

பாரம் ஏற்றும் 109-க்குப் பழைய கட்டு, புது பிளேட், ஹைட்ராலிக் பாக்ஸ் என்ற கூட்டு மிகப் பொருத்தம். பாராபோலிக்கை அந்த வண்டியில் விட்டுவிடலாம்.

ஹைட்ராலிக்குக்குப் போவது உறுதி என்றால் ரிலேயிலும் நீளக் குழாயின் இரண்டு ஜாயிண்டிலும் இப்போது பணம் போடாதீர்கள். ஸ்விவல், டை ராட், டிராக் லிங்க் மட்டும் போதும்.

எந்த வேலை செய்தாலும் முடிவில் டோ-இன் பார்க்க வேண்டும்: 1.2 முதல் 2.4 மி.மீ. வரை, முன்பக்கம் குறுகலாக. ரிம்மின் பின்பக்கம் நடு உயரத்தில் சாக்பீஸ் குறி போட்டு அளந்து, அதே குறி முன்னால் வரும்வரை வண்டியைத் தள்ளித் திரும்ப அளந்தால் வளைந்த ரிம்மின் பிழை கணக்கில் வராது. டை ராடு கிளாம்ப் போல்ட்டை இறுக்கும்போது இரண்டு பால் ஜாயிண்டும் ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று முன்னும் ஒன்று பின்னும் சாய்ந்து நின்றால் ராடு சுழல இடமில்லாமல் ஜாயிண்ட் கழுத்தில் முறியும். யு-போல்ட் நட்டுகளை 500 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். புது கட்டு அமர்ந்ததும் அவை கட்டாயம் தளரும். தளர்ந்த யு-போல்ட்டுடன் ஓடினால் சென்டர் போல்ட் அறுந்து, ஆக்சில் ஒரு பக்கம் பின்வாங்கிவிடும்.